கீரியை அனுப்ப மறுத்த உடும்பு

மலைக்காட்டில் செங்கமலம் என்ற யானை இருந்தாள். தாகத்தில் தவிக்கும் மந்தைகளைத் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போவதற்கென்றே அவள் ஒரு பெரிய நிறுவனம் நடத்தி வந்தாள். 'தண்ணீர்த் துணை' என்று அதற்குப் பெயர்.

தலைமையகம் மலைக்காட்டில் இருந்தது. சமவெளியில், முள்ளும் செம்மண்ணுமாகக் கிடந்த புதர்க்காட்டில் ஒரு கிளை. கடலோரத்து அலையாத்திக் காட்டில் இன்னொரு கிளை. மூன்றும் மூன்று நாடுகள். ஒரு நாட்டு விலங்கு இன்னொரு நாட்டுக்குப் போனால் அங்கே சாப்பாடும் புரியாது, மண்ணும் புரியாது.

மண்ணை மோந்து பார்த்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு நிறுவனத்தில் 'மூக்கு' என்று பதவிப் பெயர். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு கிளையும் தன் மூக்குகளில் ஒருவரை வேறொரு நாட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒரு பருவம் அங்கே தங்கி, அந்த ஊர் வேலையைக் கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். யாரை அனுப்புவது என்பதைக் கிளைத் தலைவர்தான் சொல்வார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிளைத் தலைவர் ஒரு உடும்பாக அமைந்துவிட்டால்?

புதர்க்காட்டுக் கிளைக்குத் தலைவர் சடையப்பன் என்ற உடும்பு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. விடிவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடுவார். எந்த மந்தையையும் தாகத்தோடு திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். பிறவிக் குணம், என்ன செய்வது?

அவருடைய கிளையில் மரகதம் என்று ஒரு கீரி இருந்தாள். அவள் மூக்கை வைத்த இடத்தில் தோண்டித் தண்ணீர் வராமல் போனதே இல்லை. ஈரம் எங்கே கனமாக மணக்கிறதோ அங்கே நிற்பாள். "இங்கதான்" என்பாள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஆழமாகத் தோண்டுவார்கள். புதர்க்காட்டில் தண்ணீர் ஆழத்தில்தான் இருக்கும். மரகதத்துக்குத் தன் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, அவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

கடற்கரையிலிருந்து வரும் வாத்துகள் ஒருமுறை அவளிடம், "எங்க ஊரு மண்ணுல உன் மூக்கு குழம்பிப் போயிடும்" என்று சொல்லிச் சிரித்தன. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. அந்த மண்ணை ஒருமுறை மோந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

மழை முடிந்ததும் சடையப்பனிடம் போய், தன்னை அனுப்பும்படி கேட்டாள்.

"நீ போயிட்டா இந்தக் கிளை என்னத்துக்கு ஆகும் தாயி? அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்.

யாரையாவது அனுப்பித்தானே ஆக வேண்டும்? யார் போனால் வேலை கெடாது என்று யோசித்தார். பேருக்கு மூக்காக இருந்த சிங்காரவேலு என்ற மயில் நினைவுக்கு வந்தது. சிங்காரவேலு குளத்தில் நின்றாலும் ஈரத்தைக் கண்டுபிடிக்க மாட்டான். அவன் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவனை மலைக்காட்டுக்கு அனுப்பி வைத்தார்.

அங்கே தலைமையகத்து விருந்தில் சிங்காரவேலு தோகையை விரித்தான். செங்கமலம் சொக்கிப் போனாள். புதர்க்காட்டில் இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்களா என்று எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

பருவம் முடிந்து ஊர் திரும்பிய சிங்காரவேலு நடையை மாற்றிக்கொண்டான். யார் எதைச் செய்தாலும், "மலையில எல்லாம் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்றான். வேறு எப்படிச் செய்வார்கள் என்று கேட்டால், "அது வேற மாதிரி" என்பான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது.

அடுத்த ஆண்டும் மரகதம் கேட்டாள். சடையப்பன் அவளுக்கு 'மூத்த மூக்கு' என்று பட்டம் கொடுத்தார். கொழுத்த வெட்டுக்கிளிகளாகப் பொறுக்கி அவள் முன்னால் வைத்தார். கொஞ்ச நாள் கழித்து 'முதன்மை மூத்த மூக்கு' என்றார். பட்டம் நீண்டது. அவள் தோண்டும் இடம் மட்டும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில் செங்கமலம் ஒரு கிளியிடம் சொல்லியனுப்பினாள். உங்கள் கிளையில் கெட்டிக்காரர் யார் என்று கேட்டிருந்தாள்.

சடையப்பன் கிளியின் முகத்தைப் பார்க்காமல், "எல்லாரும் சுமார்தான்னு பெரியம்மாகிட்ட சொல்லு. இந்த மயில் ஒருத்தன்தான் தேறுவான்" என்றார். சொல்லும்போது மனசு குத்தியது. கிளையின் நன்மைக்காகத்தானே சொன்னேன் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். அந்த ஆண்டு சிங்காரவேலு அலையாத்திக் காட்டுக்குப் போனான். ஒரு பருவம் தங்கினான். திரும்பி வந்தான்.

மூன்றாவது ஆண்டு மரகதம் கெஞ்சவில்லை. நேராக வந்து நின்றாள்.

"பட்டம் குடுத்தீங்க, வெட்டுக்கிளி குடுத்தீங்க. நான் கேட்டது அது இல்லியே அண்ணாச்சி. தோண்டுன எடத்தையே தோண்டிக்கிட்டு இருக்கேன். இந்த மழை முடிஞ்சும் அனுப்பலைன்னா, நான் வேற பொழப்பு பாத்துக்கிடுதேன்."

சடையப்பன் மழை முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று மழுப்பினார். மழை முடிவது இருக்கட்டும், அந்த ஆண்டு மழை தொடங்கவே இல்லை.

வானம் வெளுத்துக் கிடந்தது. புதர்க்காட்டில் முள் கூடக் கருகியது. வடிவு என்ற புள்ளிமான் தன் மந்தையோடு கிளைக்கு வந்து சேர்ந்தாள். அவளை ஒட்டி நின்ற குட்டிக்குக் கால் நடுங்கியது. மரகதம் காடு முழுக்க மூக்கை இழுத்துக்கொண்டு திரிந்தாள். எத்தனை ஆழம் தோண்டியும் புழுதிதான் வந்தது.

"கீழ ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றாள் மரகதம். "மலைப் பாதையிலயும் தீப்பிடிச்சுக் கெடக்கு. கடக்கரைக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்."

சடையப்பன் பெரிதாகக் கவலைப்படவில்லை. சிங்காரவேலுதான் ஒரு பருவம் அங்கே இருந்தவனாயிற்றே என்று நினைத்தார். மயிலை முன்னால் விட்டு எல்லோரும் நடந்தார்கள்.

மணல்மேடுகளுக்கு வந்து சேர்ந்தபோது மான்களால் அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. எதிரே அகலமான உப்பங்கழி. அதற்கு அந்தப் பக்கம் அலையாத்திக் காட்டின் பச்சை தெரிந்தது. அங்கேதான் கிளை இருந்தது. ஆனால் இந்த நிலைமையில் மந்தை கழியை நீந்திக் கடப்பது நடக்காத காரியம். வடிவின் குட்டி மணலில் படுத்துவிட்டது.

"எங்கடே தண்ணி?" என்று சடையப்பன் மயிலைக் கேட்டார்.

சிங்காரவேலு தோகையைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். பிறகு உண்மையைச் சொன்னான். அங்கே போன முதல் நாளே வேலை கற்றுத்தர வந்தார்களாம். மணலைக் கீறினால் நகம் கெட்டுவிடும் என்று இவன் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டானாம். பருவம் முழுக்க நண்டுகளுக்கு ஆடிக் காட்டிவிட்டு வந்துவிட்டானாம்.

"ஏம்லே அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலியே அண்ணாச்சி" என்றான் சிங்காரவேலு. அது உண்மைதான். அவன் என்ன கற்றுக்கொண்டு வந்தான் என்று சடையப்பன் ஒருநாளும் கேட்டதில்லை. மரகதம் கையை விட்டுப் போகாமல் இருந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

மரகதம் பேசிக்கொண்டிருக்கவில்லை. மணலில் மூக்கை வைத்துத் தேடினாள். எங்கு பார்த்தாலும் ஈரம் மணத்தது. ஒரு பள்ளத்தில் மிகவும் கனமாக மணத்தது. எப்போதும் போல, "இங்கதான்" என்றாள். ஆளுக்கு ஒரு பக்கமாகத் தோண்டினார்கள். தண்ணீர் வந்தது! மான்கள் பாய்ந்து வாயை வைத்தன. வைத்த வேகத்தில் துப்பின. உப்பு.

இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னாள். இன்னும் உப்பு. வேறு பள்ளம் பார்த்தாள். அங்கேயும் உப்பு. தோண்டத் தோண்டக் கரிப்பு ஏறிக்கொண்டே போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மூக்கு பொய் சொன்னது. மரகதத்துக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

"இந்த மண்ணு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சிருக்கலாம். ஒரு பருவம், ஒரே ஒரு பருவம் விட்டிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்."

சடையப்பன் குட்டியைப் பார்த்தார். அதன் நாக்கு வெளியே தொங்கியது.

"நான் கழியைத் தாண்டிப் போயி கேட்டுட்டு வாரேன்" என்றாள் மரகதம்.

உடனே மந்தையில் சலசலப்பு எழுந்தது. இருக்கிற ஒரே மூக்கும் போய்விட்டால் நாங்கள் என்ன செய்வது என்று வடிவு அழுதாள். வேண்டுமானால் நான் நீந்திப் போகிறேன் என்றார் சடையப்பன். அவர் நன்றாக நீந்துவார்.

"நீங்க கேட்டுட்டு வருவீங்க. மோந்து பாத்துட்டு வர முடியுமா? என் மூக்கு அங்க போயாகணும்" என்றாள் மரகதம்.

திரும்பி நடக்கப் பார்த்தாள். நகர முடியவில்லை. சடையப்பனின் நகங்கள் அவள் வாலை அழுத்திப் பிடித்திருந்தன. அவர் வேண்டுமென்று பிடிக்கவில்லை. எப்போது பிடித்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை. கிளையில் யார் போவதாகச் சொன்னாலும் அவர் கை தானாகவே இறுகிவிடும். இத்தனை நாளும் அதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்திருந்தார். இப்போது அந்த நகங்களைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு நகமாக எடுத்தார். சுலபமாக இல்லை.

"போ தாயி. கத்துக்கிட்டு வா."

"திரும்பி வருவேன்னு நம்புதீங்களா?"

"நீ வராமப் போனாலும் தப்பு உன் மேல இல்ல" என்றார் சடையப்பன்.

மரகதம் கழியில் இறங்கி நீந்தினாள். அவள் தலை சிறுத்துச் சிறுத்து மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கரையில் முத்துப்பேச்சி என்ற நீர்நாய் மீன் தின்றுகொண்டிருந்தாள். அவளும் ஒரு மூக்குதான். மரகதத்தின் வயசுதான் இருக்கும். நனைந்து நடுங்கிக்கொண்டு வந்த கீரியைக் கண்டதும் யார் என்று புரிந்துகொண்டாள்.

"புதர்க்காட்டு மரகதம்தானே நீ? உன்னைப் பத்தி வாத்துங்க சொல்லாத நாளில்ல. நாங்களும் நீ வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். வந்தது மயிலு."

மரகதம் நடந்ததைச் சொன்னாள். எந்த இடத்தில் தோண்டினாய் என்று முத்துப்பேச்சி கேட்டாள். ஈரம் கனமாக மணத்த இடத்தில் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்க ஊருக்கு அது சரி. இங்க ஈரம் கனமா இருந்தா அது கடல் தண்ணி. மழைத் தண்ணி லேசானது. மணலுக்குள்ள அது உப்புத் தண்ணிக்கு மேல ஏறிப் படுத்துக்கெடக்கும். நீ அதைத் தாண்டித் தோண்டிட்டே. இங்க தோண்டக் கூடாது, கீறணும். வா, மோந்து பாரு."

அடப்பங்கொடி படர்ந்த ஒரு மணல் சரிவுக்கு அவளைக் கூட்டிப் போனாள். மரகதம் மூக்கை வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கனமான மணத்தைத் தேடியே பழகிய மூக்கு அது. லேசானதைத் தேடு, லேசானதைத் தேடு என்று முத்துப்பேச்சி சொல்லிக்கொண்டே இருந்தாள். திடீரென்று பிடிபட்டது. காய்ந்த இலையில் தூறல் விழுந்தது போல ஒரு சின்ன மணம். அங்கே உள்ளங்கை ஆழத்துக்குக் கீறினாள். நீர் மெல்லக் கசிந்தது. நக்கிப் பார்த்தாள். இனித்தது.

பிறகு அந்தச் சரிவு முழுக்க ஓடி ஓடி மோந்தாள். முத்துப்பேச்சிக்கே தெரியாத இரண்டு ஊற்றுகளைக் காட்டினாள். முத்துப்பேச்சி வாயைப் பிளந்தாள்.

"இங்கேயே இருந்துரு மரகதம். உன்னைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுவோம். மறுபடியும் போயி அந்த உடும்புகிட்ட ஏன் மாட்டிக்கிறே?"

மரகதம் ஒரு கணம் நின்றாள். ஆசையாகத்தான் இருந்தது. அப்போது கழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. சிங்காரவேலு மணல்மேட்டின் உச்சியில் நின்று அகவிக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது அவளுக்குத் திசை தப்பிவிடக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"குட்டி காத்துக்கிட்டு இருக்கு" என்றாள் மரகதம். "அதோட, அவரு பிடிச்சு வச்சிருந்தா நான் ஓடித்தான் போயிருப்பேன். விட்டுட்டாரே. விட்ட பிறகு எப்படித் திரும்பிப் போகாம இருக்க முடியும்?"

அவள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நீந்திக் கரையேறினாள். சடையப்பன் மான்குட்டிக்கு மேல் தன் உடம்பால் நிழல் கொடுத்துக்கொண்டு வெயிலில் கிடந்தார். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். கால் வரவில்லை.

மரகதம் மணல்மேட்டின் சரிவில் அடப்பங்கொடிகளுக்கு நடுவே மூக்கை வைத்தாள். "யாரும் தோண்டாதீங்க. லேசாக் கீறுங்க" என்றாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னக் குழிகள் கீறினார்கள். சிங்காரவேலுவும் நகத்தைப் பார்க்காமல் கீறினான். குழிகளில் நீர் ஊறியது. வடிவு குட்டியை முகத்தால் தள்ளிக் கொண்டுபோனாள். அது குடித்தது. நிறுத்தி மூச்சு வாங்கியது. மறுபடியும் குடித்தது. எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் சடையப்பன் வாயை வைத்தார்.

பின்னர் மழை பெய்தது. செங்கமலம் புதர்க்காட்டுக்கு நேரில் வந்து, மந்தையைக் காப்பாற்றியதற்காகச் சடையப்பனைப் பாராட்டத் தும்பிக்கையை உயர்த்தினாள்.

"இருங்க பெரியம்மா" என்று சடையப்பன் மரகதத்தைக் காட்டினார். "கெட்டிக்காரி இவதான். ரெண்டு வருஷமா உங்ககிட்ட மறைச்சு வச்சேன். மந்தை சாகக் கெடந்ததுக்குக் காரணம் நான்."

செங்கமலத்தின் தும்பிக்கை தானாகத் தாழ்ந்தது. பிறகு, தான் மட்டும் என்ன ஒழுங்கு என்றாள். விருந்தில் தோகையைப் பார்த்து மயங்கியது தன் தப்புதானே என்றாள். இனிமேல் கிளைத் தலைவரிடம் மட்டும் கேட்கப் போவதில்லை, ஒவ்வொரு மூக்கிடமும் நேரிலேயே கேட்பேன் என்றாள். யாரை வைத்திருக்கிறாய் என்பதற்காக இனி எந்தத் தலைவருக்கும் பாராட்டு கிடையாது, யாரை வளர்த்து அனுப்பினாய் என்பதற்குத்தான் பாராட்டு என்றும் சொன்னாள். பிறகு மரகதத்தின் பக்கம் திரும்பி, என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"ஒரு பருவம் கடக்கரையில இருக்கணும்" என்றாள் மரகதம்.

அவள் போனாள். புதர்க்காட்டில் கொஞ்ச நாள் திண்டாட்டம்தான். மற்றவர்கள் தோண்டிய குழிகளில் பாதிக்கு மேல் வறண்டு கிடந்தன. சடையப்பன் கோபப்படாமல் ஒவ்வொரு குழியின் அருகிலும் உட்கார்ந்தார். அப்போதுதான் செல்லம் என்ற பெருச்சாளியைக் கவனித்தார். மரகதம் காட்டும் இடத்தில் மண் தள்ளுவதைத் தவிர அவளுக்கு யாரும் வேறு வேலை கொடுத்ததில்லை. இப்போது அவள் தயங்கித் தயங்கி ஓரிடத்தைக் காட்டினாள். தோண்டினார்கள். தண்ணீர் பீறிட்டது.

பருவம் முடிந்து மரகதம் திரும்பியபோது செங்கமலம் மணல்மேட்டிலேயே ஒரு புதிய கிளை தொடங்கி, அதற்கு அவளைத் தலைவியாக்கினாள். சடையப்பன் செல்லத்தையும் அங்கே அனுப்பி வைத்தார். இரண்டு நாட்டு மண்ணும் தெரிந்த மூக்குகள் அங்கே பெருகின. எந்தப் பக்கத்திலிருந்து வந்த மந்தையும் அங்கே தாகம் தீர்த்துக்கொண்டது.

அடுத்த மழை முடிந்ததும் கிளி வந்தது. உங்கள் கிளையிலிருந்து மலைக்கு யாரை அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டது. மரகதம் செல்லத்தைப் பார்த்தாள். செல்லம் இல்லாமல் ஒருநாள் கூட ஓடாது. இந்த ஒரு வருஷம் மட்டும் போகட்டுமே, அடுத்த வருஷம் பார்க்கலாமே என்று வாய்வரை வந்துவிட்டது. குனிந்து பார்த்தாள். தன் நகங்கள் மணலை இறுகப் பிடித்திருந்தன.

அவளைப் பார்க்க வந்திருந்த சடையப்பன் பக்கத்தில் இருந்தார். அவரும் அந்த நகங்களைப் பார்த்தார்.

"கஷ்டமா இருக்கா தாயி?"

"ரொம்பக் கஷ்டமா இருக்கு அண்ணாச்சி" என்றாள் மரகதம். பிறகு நகங்களை எடுத்தாள். "செல்லம், நீ மலைக்குப் போயிட்டு வா."

செல்லம் துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடினாள்.

கெட்டிக்காரரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறவர் அவரையும் வளரவிடாமல் தன் காரியத்தையும் கெடுத்துக்கொள்வார். மனசு வலித்தாலும் வெளியே அனுப்பிக் கற்க விடுகிறவரிடம்தான் திறமை பெருகும்.